அக்கா மகனுக்கு ஸ்டூடன்ட் பாஸ்: ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

உட்லண்ட்ஸ்_சித்தி | 11 மே 2025, இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். ஏழு வருடமாக இந்தக் கருத்துக்களத்தைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் என் அக்கா மகனுக்குப் போன வாரம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. 600க்கு 412. அவனைச் சிங்கப்பூரில் படிக்க வைக்க வேண்டும் என்று அக்காவுக்கு ரொம்ப நாள் ஆசை. "நீ அங்கதானே இருக்கே, ஒரு கண்ணு வச்சுக்க மாட்டியா" என்கிறாள். ஊரில் ஒரு ஏஜென்ட் பிடித்திருக்கிறார்கள். அவர் சொல்வது இது: இங்கே ஒரு தனியார் கல்லூரியில் ஹோட்டல் மேனேஜ்மெண்ட் டிப்ளமா, அப்புறம் அதே கட்டடத்தில் வெளிநாட்டுப் பல்கலை டிகிரி, மொத்தம் இரண்டரை வருடம். படிக்கும்போதே வாரம் இருபது மணி நேரம் வேலை பார்க்கலாம், மாதம் 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கையில் வரும், வாடகை சாப்பாடு அதிலேயே ஓடிவிடும். முடித்ததும் வேலை நிச்சயம். இரண்டு வருடத்தில் பிஆர் (நிரந்தரவாசம்).

மூன்று லட்சம் ரூபாய் முன்பணம், இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் கட்ட வேண்டுமாம். மீதிக்கு அக்கா வயலை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறாள்.

நான் சிங்கப்பூரில் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருப்பவள். வேலை பாஸ் சமாசாரம் தெரியும், இங்கே படிக்க வாங்கும் ஸ்டூடன்ட் பாஸ் பற்றி ஒன்றும் தெரியாது. ஏஜென்ட்டிடம் என்ன கேட்க வேண்டும் என்றாவது சொல்லுங்கள்.

தேக்கா_டீ | 11 மே 2025, இரவு 10.58

சித்தி, வாரம் இருபது மணி நேரம்னு சொன்னாருல்ல, அங்கயே நில்லுங்க. பணம் கட்ட வேணாம். மீதிய விவரம் தெரிஞ்சவங்க வந்து சொல்வாங்க.

முன்னாள்_அட்மிஷன் | 11 மே 2025, இரவு 11.37

ஆறு வருடம் ஒரு தனியார் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் இருந்தேன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். ஏஜென்ட்டுகளோடு தினமும் பேசிய ஆள் என்பதால் மேலே இருக்கும் வரிகள் எனக்கு மனப்பாடம்.

ஸ்டூடன்ட் பாஸ் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் எந்தக் கல்வி நிலையத்தின் பெயரில் வாங்கியது என்பதைப் பொறுத்து அது இரண்டு வேறு பாஸ். என்யுஎஸ், என்டியு, எஸ்எம்யு என்ற பல்கலைக்கழகங்கள், பலதுறைத் தொழிற்கல்லூரிகள் மாதிரி இடங்களில் முழுநேரம் படிக்கும் வெளிநாட்டு மாணவர், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 16 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். விடுமுறையில் மணிக்கணக்கு வரம்பு இல்லை. தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டியதில்லை. எந்தெந்தக் கல்வி நிலையங்களுக்கு இந்தச் சலுகை என்ற பட்டியல் மனிதவள அமைச்சின் தளத்தில் இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. விடுமுறையிலும் கிடையாது. இருபது மணி நேரம் என்பது வேறு நாட்டுக் கணக்கு. ஏஜென்ட் நாலு நாட்டுக்கு ஆள் அனுப்புவார் போல, நாலுக்கும் ஒரே பேச்சு.

மீறி வேலை பார்த்து மாட்டினால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். பாஸும் போய்விடும், திரும்ப வருவதும் கஷ்டம். "எல்லாரும் செய்யிறாங்க சார்" என்று என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்ன பையன்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவும்போது சோதனைக்கு வந்தவர்களிடம் சிக்கிய ஒருவனுடைய அப்பா ஊரிலிருந்து போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பையனுக்கும் யாரோ ஒருவர் இதே இருபது மணி நேரக் கதையைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆக, 1,500 வெள்ளி என்ற வரியை அடித்துவிட்டுக் கணக்குப் போடச் சொல்லுங்கள். இரண்டரை வருட வாடகை, சாப்பாடு, பேருந்து எல்லாம் கும்பகோணத்திலிருந்து வர வேண்டும். அதற்கு எத்தனை மா நிலம் வேண்டும் என்று அக்காவையே கேளுங்கள்.

உட்லண்ட்ஸ்_சித்தி | 12 மே 2025, காலை 6.15

படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை. அக்காவிடம் சொன்னேன். "நீ எஸ் பாஸ், உனக்கு எப்படித் தெரியும், அவர் இருபது வருஷமா அனுப்புறார்" என்கிறாள். பிஆர் விஷயமாவது உண்மையா?

பழைய_மாணவன் | 12 மே 2025, மதியம் 1.20

பிஆரைப் படிப்போடு சேர்த்து யார் விற்றாலும் வாங்காதீர்கள். படிக்கும் மாணவர் நேராக விண்ணப்பிக்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் இங்கே இரண்டு வருடமாவது இருந்திருக்க வேண்டும், பிஎஸ்எல்இ, ஓ லெவல், ஏ லெவல் மாதிரி தேசியத் தேர்வு ஒன்றிலாவது தேறியிருக்க வேண்டும், அல்லது அந்தத் தேர்வுகளுக்குப் பதிலான ஒருங்கிணைந்த பாடத்திட்டத்தில் படித்திருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கான கதவு அது. தனியார் டிப்ளமாவுக்கு இல்லை. அந்த வழியில் பிஆர் வாங்குகிற ஆண் பிள்ளைக்கு தேசிய சேவைக் கடமையும் உண்டு. ஏஜென்ட் அதைச் சொன்னாரா?

மற்றபடி படித்து, வேலை கிடைத்து, இபி (எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதி) அல்லது எஸ் பாஸில் இருந்துகொண்டு பிஆருக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் கிடைக்காது என்பது குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் முடிவு. காரணமும் சொல்ல மாட்டார்கள். நானே இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் ஒரு பக்கக் கடிதம் வாங்கியவன்.

வேலை நிச்சயம் என்கிறாரே, அதுதான் பெரிய பூசணிக்காய். இபிக்கு 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித் துறையில் 6,200. வயது கூடக்கூட அதுவும் கூடும். செப்டம்பர் 2023 முதல் காம்பஸ் என்ற புள்ளிக் கணக்கும் உண்டு, 40 புள்ளி எடுக்க வேண்டும். அதில் கல்வித் தகுதிக்கு ஒரு பகுதி. முன்னணிப் பல்கலை என்றால் 20, சாதாரணப் பட்டம் 10, பட்டம் இல்லை என்றால் சுழியம். டிப்ளமாவோடு நிறுத்திவிட்டால் அந்தக் கட்டத்தில் முட்டைதான். எஸ் பாஸுக்குச் சம்பளம் குறைவு, ஆனால் முதலாளிக்கு இத்தனை பேர்தான் என்ற ஒதுக்கீடு இருக்கிறது, மாதா மாதம் தீர்வை கட்ட வேண்டும். இது சித்திக்கே தெரியும். நேற்று டிப்ளமா முடித்த பத்தொன்பது வயதுப் பையனுக்காக எந்த ஹோட்டல் அந்த இடத்தைக் கொடுக்கும்?

யாழ்_நிலா | 12 மே 2025, இரவு 9.05

எல்லாரும் தனியார் எண்டாலே ஏமாத்து எண்ட மாதிரிக் கதைக்கிறியள். நான் படிச்சது சிங்கப்பூரில ஒரு தனியார் கல்லூரியிலதான். லண்டன் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒண்டின்ர பட்டம். வாத்திமார் நல்லாத்தான் படிப்பிச்சவை. வரேக்க வேலை செய்யேலாது எண்டு தெரிஞ்சுதான் வந்தனான். செலவு முழுக்க அண்ணா கனடாவில இருந்து அனுப்பினவர். முடிச்சுப்போட்டு கொழும்புக்குத் திரும்பிப் போய் நல்ல வேலையிலதான் இருக்கிறன்.

பிழை கல்லூரியில இல்லை, காசைப் பற்றிச் சொல்ற பொய்யிலதான். அந்தப் பொடியனுக்கு உண்மையா ஹோட்டல் துறையில விருப்பம் எண்டால், வீட்டில காசும் இருந்தால், அது வேற கதை.

ஒரு விசயம்: வருகைப்பதிவை விளையாட்டா எடுக்க வேண்டாம். என்ர கல்லூரியில மாசத்துக்கு 90 வீதத்துக்குக் கீழ போனால் உடன கடிதம் வரும். காரணமில்லாமல் தொடர்ந்து ஏழு நாள் வராட்டி ஆணையத்துக்கு அறிவிச்சுப்போடுவினம். எங்கட வகுப்பில ரெண்டு பேர் அப்பிடித்தான் போனவை.

முன்னாள்_அட்மிஷன் | 12 மே 2025, இரவு 10.30

நிலா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நேற்று நான் கொஞ்சம் ஒரு பக்கமாக எழுதிவிட்டேன். எங்களிடம் படித்து நன்றாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலும் வீட்டில் வசதி இருந்தவர்கள், அல்லது திரும்பிப் போய்த் தொழிலைப் பார்க்க வேண்டும் என்று வந்தவர்கள்.

சித்தி, அக்கா உறுதியாக இருக்கிறார் என்றால் அவரோடு சண்டை போடாதீர்கள். ஏஜென்ட்டிடம் மூன்று காகிதம் மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

முதலில் கல்லூரியின் எடுடிரஸ்ட் சான்றிதழ். 2009ஆம் ஆண்டுத் தனியார் கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கே தனியார் கல்லூரிகள் பதிவு செய்துதான் நடக்கின்றன. பதிவு மட்டும் இருந்தால் போதாது. ஸ்டூடன்ட் பாஸில் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க எடுடிரஸ்ட் வேண்டும். அது நாலு வருடத்துக்கும் கொடுப்பார்கள், தற்காலிகமாக ஒரு வருடத்துக்கும் கொடுப்பார்கள். ஒரு வருடச் சான்றிதழ் உள்ள இடத்தில் இரண்டரை வருடப் படிப்பு என்றால் யோசிக்க வேண்டும். சிலர் "அரசாங்கம் அங்கீகரித்த கல்லூரி" என்று விளம்பரம் செய்வார்கள். பதிவு என்பது பாடத்தின் தரத்துக்குக் கொடுத்த முத்திரை இல்லை.

அடுத்தது ஒப்பந்தம். எல்லாத் தனியார் கல்லூரியும் ஒரே மாதிரியான மாணவர் ஒப்பந்தத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். நான் வேலையை விட்ட பிறகும் என் கணினியில் அது இருக்கிறது, அவ்வளவு முறை படித்திருக்கிறேன். அதில் பாஸ் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் பாடக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று தெளிவாக இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு ஏழு வேலை நாள் மனம் மாற அவகாசமும் உண்டு. கட்டணத்துக்குக் காப்பீட்டுப் பாதுகாப்பும் இருக்க வேண்டும், கல்லூரியே மூடினாலும் பணம் போகாமல் இருக்கத்தான் அது.

இதில் ஒரு சூட்சுமம். அந்தப் பாதுகாப்பு எல்லாம் கல்லூரிக்குக் கட்டிய பணத்துக்குத்தான். ஏஜென்ட்டின் கணக்கில் போட்ட மூன்று லட்சத்துக்கு ஒப்பந்தம் கிடையாது, காப்பீடு கிடையாது, இங்கே கேட்க ஆளும் கிடையாது. கல்லூரியின் பெயரில், கல்லூரி கொடுத்த ரசீதோடு கட்டுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, அந்த ஏஜென்ட் கல்லூரியின் பட்டியலில் இருக்கிறாரா என்பது. பெரும்பாலான கல்லூரிகள் தளத்தில் பெயர் போட்டிருக்கும். இல்லையென்றால் கல்லூரிக்கே ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள்.

தஞ்சாவூர்_அப்பா | 13 மே 2025, காலை 8.40

அனைவருக்கும் வணக்கம். இந்த இழையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், தனி இழை தொடங்கத் தெரியவில்லை. என் மகளுக்கு என்டியுவில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது. கல்வி மானியம் ஏற்றால் மூன்று ஆண்டு சிங்கப்பூரில் வேலை பார்க்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மேலும் மகளின் மதிப்பெண் சான்றிதழில் இனிஷியலோடு பெயர் இருக்கிறது, கடவுச்சீட்டில் என் முழுப்பெயர் சேர்ந்து இருக்கிறது. இது இடைஞ்சல் ஆகுமா?

தேக்கா_டீ | 13 மே 2025, காலை 9.02

சார், வாழ்த்து! பொண்ணுக்கும். இனிஷியல் பிரச்சினை நம்ம தேசியப் பிரச்சினை. பயப்படாதீங்க.

பழைய_மாணவன் | 13 மே 2025, இரவு 8.15

ஐயா, வாழ்த்துகள். நான் அதே மூன்று வருட வேலைக் கடமையை (பாண்டு) முடித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மானியத்தை எடுத்தால் கட்டணம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பதிலுக்குப் பட்டம் முடித்த பிறகு சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் மூன்று வருடம். மருத்துவம், பல் மருத்துவம் என்றால் இன்னும் நீளம், உங்களுக்கு அது வேண்டாம். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். எனக்கு அப்பாவும் தாய்மாமாவும் கையெழுத்துப் போட்டார்கள். பாண்டை முறித்தால் வாங்கிய மானியத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும், ஜாமீன்தாரருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. என் மாமா கையெழுத்துப் போட்ட கையோடு, "மாப்ளே, நீ ஓடிப்போனா நான் வீட்டை வித்துருவேன்டா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் மூன்று வருடமும் எனக்கு அது ஞாபகம் இருந்தது.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று. மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும் என்ற கடமை உங்கள் மகளுடையது. வேலை பாஸ் கொடுக்க வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. மானியம் கொடுப்பது கல்வி அமைச்சு, பாஸ் கொடுப்பது மனிதவள அமைச்சு. பாண்டு இருக்கிறது என்பதற்காக 5,600 வெள்ளி விதியோ காம்பஸோ தளராது. என் வகுப்பில் பாண்டு இருந்தும் ஏழு மாதம் வேலை தேடி அலைந்தவர்கள் உண்டு. நல்ல வேளை, இங்கே உயர்கல்வி முடித்த வெளிநாட்டவர் வேலை தேட ஒரு வருடம் வரை நீண்டகால வருகை அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதில்தான் அவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

அப்படியானால் கையெழுத்துப் போடலாமா என்றால், பொறியியலுக்கு நான் போடு என்றுதான் சொல்வேன். என்டியு என்பதால் காம்பஸில் கல்விப் புள்ளி நன்றாகக் கிடைக்கும், கோடை விடுமுறைப் பயிற்சியில் நல்ல நிறுவனம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் மகள் நான்கு வருடம் கழித்து அமெரிக்கா போய் மேற்படிப்பு என்று இப்போதே சொல்கிறாளா? அப்படியென்றால் ஒருமுறைக்கு இருமுறை உட்கார்ந்து பேசுங்கள். பதினெட்டு வயதில் மூன்று வருடம் சின்னதாகத் தெரியும். இருபத்திரண்டில் அப்படித் தெரியாது.

தஞ்சாவூர்_அப்பா | 13 மே 2025, இரவு 9.50

தம்பி, இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. மகளிடம் காட்டினேன். அவள் கேட்கிறாள்: பகுதிநேர வேலையாக இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கலாமா?

முன்னாள்_அட்மிஷன் | 13 மே 2025, இரவு 10.11

ஒரு டியூஷன் சென்டரில் ஊழியராகச் சேர்ந்து, 16 மணி நேரத்துக்குள் என்றால் சரி. வீடு வீடாகப் போய்த் தானே காசு வாங்குவது சுயதொழில், வெளிநாட்டவருக்கு அது கிடையாது. உணவு விநியோகமும் அப்படித்தான், குடிமக்களுக்கும் பிஆருக்கும் மட்டும்.

லாவெண்டர்_வரிசை | 14 மே 2025, காலை 7.25

பெயர் விஷயத்துக்கு நான். என் கதையைக் கேளுங்கள் சார்.

என் சான்றிதழில் கே. என்ற ஒற்றை எழுத்து, கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர், பெயர் என்ற இடத்தில் என் பெயர். இங்கே வந்த முதல் நாளிலிருந்து எல்லாரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பேராசிரியர் அப்பா பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்பார், எனக்கு அப்பாவே வகுப்பில் நிற்பது மாதிரி இருக்கும். பாஸ், வங்கிக் கணக்கு, பட்டச் சான்றிதழ் எல்லாம் கடவுச்சீட்டில் இருக்கிறபடிதான் வரும். அதனால் விண்ணப்பத்தில் ஒரு எழுத்து மாறாமல் கடவுச்சீட்டைப் பார்த்தே எழுதுங்கள். மதிப்பெண் சான்றிதழுக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்தால் போதும். எனக்கு அதை இங்கே யாருமே கேட்கவில்லை, ஆனால் ஊரில் கல்விக் கடன் கொடுத்த வங்கி கேட்டது.

சோலார் என்ற இணையதளத்தில் போடும் ஸ்டூடன்ட் பாஸ் விண்ணப்பத்தை வகுப்பு தொடங்க ஒரு மாதத்துக்குக் குறையாமல், இரண்டு மாதத்துக்கு மிகாமல் முன்னால் போட வேண்டும். ஆகஸ்ட் வகுப்பு என்றால் ஜூன் நடுவில் ஆரம்பியுங்கள். முதலில் பல்கலைக்கழகம் மகளின் விவரத்தைப் பதிவு செய்யும், அதற்குப் பிறகுதான் உங்களுக்கு உள்ளே போக முடியும். அப்பா அம்மா, உடன்பிறந்தவர் விவரம், எங்கே படித்தாள் என்று வருடவாரியாகக் கேட்பார்கள். எந்த நாட்டிலாவது நுழைய மறுத்தார்களா, வழக்கு உண்டா என்றும் கேட்பார்கள். அங்கே பொய் மட்டும் கூடாது. என் நண்பன் ஒருவன் பழைய விசா மறுப்பு ஒன்றைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட்டான். அதற்கு விளக்கக் கடிதம் எழுதி எழுதியே ஒரு செமஸ்டர் போய்விட்டது.

அனுமதி கிடைத்தால் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வரும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அந்தக் கடிதமே ஒருமுறை நுழைவதற்கான விசா, தனியாக எடுக்க வேண்டாம். விமானம் ஏறும் முன் அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டிக்குள் வேண்டாம். வருவதற்கு மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் போலி.

தஞ்சாவூர்_அப்பா | 14 மே 2025, மாலை 6.30

மருத்துவப் பரிசோதனையை இங்கேயே முடித்துவிடலாமா? மகளுக்குச் சிறு வயதில் பிரைமரி காம்ப்ளக்ஸ் (பிள்ளைகளுக்கு வரும் காசநோய்) வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். அது பயமாக இருக்கிறது.

லாவெண்டர்_வரிசை | 14 மே 2025, இரவு 7.48

நெஞ்சு எக்ஸ்ரேயும் எச்ஐவி ரத்தப் பரிசோதனையும்தான் பார்ப்பார்கள். எக்ஸ்ரே காசநோய்க்காக. அறிக்கை கொடுக்கும்போது மூன்று மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, அதனால் இப்போதே எடுத்துவிடாதீர்கள்.

குணமான பழைய தழும்பு தெரிந்தால் கூடுதல் பரிசோதனை கேட்கலாம், அவ்வளவுதான். சிறு வயதில் சிகிச்சை பார்த்த டாக்டரிடம், எந்த வருடம், எத்தனை மாதம், முழுக்க முடித்தாளா என்று ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒரு எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டிவிட்டு வருவது மனசுக்கு நிம்மதி. என் அறைத்தோழனுக்கு இங்கே வந்த பிறகு மறுபரிசோதனை, சளி சோதனை என்று மூன்று வாரம் இழுத்தது. தழும்பு என்று தெரிந்ததும் பாஸ் வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜொகூர்_ஐந்து_மணி | 15 மே 2025, காலை 5.12

ஜொகூர் பாலத்தில் பேருந்துக்கு நிற்கும்போது எழுதுகிறேன். மலேசியர்களும் கேட்பார்கள் என்பதால்: நமக்கு வர விசா வேண்டாம், ஆனால் முழுநேரப் படிப்புக்கு ஸ்டூடன்ட் பாஸ் வேண்டும். 30 நாளுக்குள் முடியும் குறுகிய பாடம் என்றால்தான் வேண்டாம். பகுதிநேரப் படிப்புக்குப் பாஸே தர மாட்டார்கள். ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு போய் வருவது தடையில்லை. தூக்கம்தான் தடை.

உட்லண்ட்ஸ்_சித்தி | 18 மே 2025, இரவு 11.20

ஏஜென்ட்டிடம் அத்தான் மூன்று காகிதமும் கேட்டார். ஒப்பந்தம் "சேர்ந்த பிறகுதான் வரும்" என்றாராம். கல்லூரி கணக்கில் நேராகக் கட்டுகிறோம் என்றதும் "அப்ப சீட் உறுதி கிடையாது, வெயிட்டிங்கில் ஆள் இருக்கு" என்றாராம். முன்னாள்_அட்மிஷன் சொன்ன மாதிரியே முகம் மாறியிருக்கிறது. கல்லூரிக்கு நான் மின்னஞ்சல் அனுப்பினேன், என் பக்கத்து மேசைப் பெண்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெயரில் தங்களுக்கு ஏஜென்ட் இல்லை என்று இரண்டே வரி பதில்.

அக்கா என்னோடு பேசுவதில்லை. "நீ வரவிடாமல் பண்ணிட்டே" என்கிறாள்.

யாழ்_நிலா | 18 மே 2025, இரவு 11.41

கவலைப்படாதேங்கோ அக்கா. இப்ப கோபிப்பா, பிறகு வருவா.

செங்காங்_மாமா | 19 மே 2025, காலை 10.05

இதற்குத்தான் சொல்கிறேன், ஊர்க்காரர்கள் எல்லாம் இங்கே வந்து நிறைந்து

*[இந்தப் பதிவின் மீதிப் பகுதி நீக்கப்பட்டது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதவும். மட்டறுத்துநர்]*

தஞ்சாவூர்_அப்பா | 22 ஜூன் 2025, இரவு 8.00

விண்ணப்பம் போட்டாயிற்று. பெயரை ஒரு எழுத்து விடாமல் பார்த்து நான்கு பேர் சரிபார்த்தோம். மானியத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். என் தம்பி ஜாமீன். அவனும் வீட்டை விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான்.

இரண்டு கேள்வி. பணம் அனுப்பும்போது வரி பிடிப்பார்கள் என்கிறார்களே? விடுதி கிடைக்காவிட்டால் வெளியில் அறை எடுக்கலாமா?

பழைய_மாணவன் | 22 ஜூன் 2025, இரவு 9.26

2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை வெளிநாட்டுக்கு அனுப்பினால் டிசிஎஸ் என்ற வரிப்பிடித்தம் இல்லை. போன வருடம் வரை அது 7 லட்சமாக இருந்தது. அதற்கு மேல் கல்விக்கு என்றால் இந்த 2025-26 நிதியாண்டில் 5 விழுக்காடு, அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு இப்போது அதுவும் இல்லை. படிவத்தில் காரணம் கல்வி என்று சரியாகக் குறிக்க வேண்டும், அவ்வளவே.

முதல் வருடம் விடுதியையே முயலுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி வீடு) அறை என்றால் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம், எழுத்தில் வேண்டும். கையில் பாஸ் அட்டை எதிர்பார்க்காதீர்கள். 2023 பிப்ரவரியிலிருந்து பாஸ் மின்னிலக்க வடிவம்தான், சிங்பாஸ் செயலியில் தெரியும். வீட்டுக்காரப் பாட்டி ஒருவர் என் தங்கையிடம் "அட்டை எங்கே, அட்டை எங்கே" என்று அரை மணி நேரம் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. பாஸ் இல்லாதவருக்கு இடம் கொடுத்தால் வீட்டுக்காரருக்கே சிறை.

தஞ்சாவூர்_அப்பா | 22 ஜூன் 2025, இரவு 9.40

முதல் வாரம் நானும் என் மனைவியும் கூட வந்து தங்க நினைக்கிறோம். மகளே எங்களுக்கு விசா எடுத்துத் தர முடியுமா?

லாவெண்டர்_வரிசை | 22 ஜூன் 2025, இரவு 10.02

முடியாது சார். உறவினரைப் பார்க்க வருவதற்கு உள்ளூர்த் தொடர்பாளராகக் குடிமகனோ பிஆரோதான் நிற்க முடியும். மாணவர் நிற்க முடியாது. நீங்கள் ஊரிலேயே அங்கீகாரம் பெற்ற விசா முகவர் வழியாகச் சுற்றுலா விசா எடுங்கள், ஒரு வாரத்துக்கு அது தாராளம். படிக்கும் பிள்ளையோடு அம்மா தங்க நீண்டகால அட்டை உண்டு என்று யாராவது சொல்வார்கள். அது பள்ளிப் பிள்ளைகளின் அம்மா, பாட்டிக்கு.

உட்லண்ட்ஸ்_சித்தி | 6 ஜூலை 2025, இரவு 10.15

மன்னிக்கவும், வேலையில் மாட்டிக்கொண்டேன். பையன் துவாக்குடியில் இருக்கும் அரசு ஹோட்டல் மேனேஜ்மெண்ட் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். வயல் அடமானம் போகவில்லை. ஏஜென்ட் இப்போது அத்தானிடம் மால்டா என்று ஒரு நாட்டைச் சொல்கிறாராம், அங்கேயும் வாரம் இருபது மணி நேரமாம்.

அக்கா நேற்றுத்தான் போன் செய்தாள். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில், கொல்லையில் தேங்காய் விலை, அவ்வளவுதான். வைக்கும்போது மட்டும், "அவன் படிச்சு முடிக்கிறப்போ உன் கம்பெனில கேட்டுப் பாரு" என்றாள்.

தஞ்சாவூர் சார், மகள் எப்போது வருகிறாள்?

தஞ்சாவூர்_அப்பா | 6 ஜூலை 2025, இரவு 10.33

ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது அம்மா. ஜூலை 27 விமானம். கைப்பையில்தான் வைத்திருக்கிறோம்.

உட்லண்ட்ஸ்_சித்தி | 6 ஜூலை 2025, இரவு 10.36

அன்றைக்கு ஞாயிறு, எனக்கு லீவு. நான் சாங்கி விமான நிலையத்துக்கு வருகிறேன். எந்த முனையம் என்று மட்டும் சொல்லுங்கள்.